விரல் தொட்ட வசனமும் உள்ளங்கையில் வைத்த அப்பமும்

இரண்டு சிறுநீரகமும் போய்விட்ட என் தம்பி சாமை இன்னொரு தடவை காப்பாற்ற முடியாது என்று டாக்டர் சொன்ன அன்று, ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து நான் ஆண்டவரோடு சண்டை போட்டேன். ஜெபம் என்று அதைச் சொல்ல முடியாது. சண்டைதான். அந்தச் சண்டைக்கு அவர் கொடுத்த பதிலைச் சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவள். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் பியூலா. முக்கூடலில் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். என் வாய் கொஞ்சம் காரம் என்று எங்கள் சபையில் எல்லாருக்கும் தெரியும். எழுத்திலும் அந்தக் காரம் இருந்தால் விசுவாசக் குடும்பத்தார் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சாம் எனக்கு ஒரே தம்பி. மினிபஸ் ஓட்டுகிறவன். போன வருடம் கிறிஸ்துமஸ் சமயத்தில் அவன் முகம் வீங்கியது, கால் வீங்கியது. சீட்டிலேயே உட்கார்ந்திருப்பதால் வந்த வீக்கம் என்று நினைத்துவிட்டோம். உப்பு, பிரஷர், சிறுநீரகம் என்று டாக்டர்கள் பேச ஆரம்பித்தபோது எல்லாம் கை மீறியிருந்தது. வாரம் இரண்டு முறை பாளையங்கோட்டைக்குப் போய் டயாலிசிஸ். போகும்போது நடந்து போவான். வரும்போது பிழிந்த கரும்புச் சக்கை மாதிரி வருவான். அவன் மனைவி ரூபி அவன் முன்னால் அழமாட்டாள். எங்கள் வீட்டுக்கு வந்து, என் மிஷின் சத்தத்தில் அழுதுவிட்டுப் போவாள்.

"இப்படியே ரொம்ப காலம் ஓட்ட முடியாதும்மா. வீட்டுல யாராவது ஒரு கிட்னி குடுத்தா அவர் பழையபடி எந்திரிச்சு நடப்பார்" என்றார் டாக்டர். எங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை. ரூபியின் ரத்தம் பொருந்தவில்லை. என் ரத்தம் பொருந்தியது.

கொடுக்க ஆசை இருந்தது. பயமும் இருந்தது. எனக்கு நாற்பத்து மூன்று வயது, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் இருக்கிறாள். ஆனால் எனக்கு முன்னால் நின்ற பெரிய மலை என் பயம் இல்லை. என் வீட்டுக்காரர்.

அவர் பெயர் தங்கராஜ். மின்வாரியத்தில் வேலை. எங்கள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிக்கிறவர் அவர்தான். நல்ல மனிதர். குடி கிடையாது, கோபம் கிடையாது. ஒரே ஒரு பழக்கம் உண்டு. எந்தக் காரியமானாலும் கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறப்பார். விரலை ஒரு இடத்தில் வைப்பார். விரல் எங்கே விழுகிறதோ அதுதான் அந்தக் காரியத்துக்குக் கர்த்தருடைய வார்த்தை. எங்கள் கல்யாணமும் அப்படி முடிவானதுதான், அதனால் நான் ரொம்பவும் குறை சொல்ல முடியாது! ஒரு தடவை பைக் வாங்கலாம் என்று திறந்தார். குதிரைகளை நம்புகிறவர்களைப் பற்றிய ஒரு வரியில் விரல் விழுந்தது. பைக் வேண்டாம் என்றுவிட்டார்.

"குதிரைக்கும் பைக்குக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்டேன்.

"பைக்லயும் ஹார்ஸ் பவர்னுதானளா போட்டிருக்கான்" என்றார். சில மாதம் பஸ்ஸில்தான் போய் வந்தோம்.

அன்று சிரித்தேன். இந்த முறை சிரிக்க முடியவில்லை. நான் சிறுநீரகம் கொடுப்பதற்காகத் திறந்தபோது அவர் விரல் ஆபிரகாம் மகனைப் பலியிடப் போன இடத்தில் விழுந்தது. பிள்ளைமேல் கை போடாதே என்று தேவதூதன் தடுக்கும் இடம். அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"கத்தி வேண்டாம்னு கர்த்தரே சொல்லிட்டாரு பியூலா. இதுக்கு மேல என்ன வேணும்? சாமுக்கு அவர் வேற வழி வச்சிருப்பாரு."

நான் என்ன சொல்வது? அது வேதம். நான் சிறுமியாக இருந்த நாள்முதல் முத்தமிட்டுத் திறக்கிற வேதம். அதை எதிர்த்துப் பேச என் காரமான வாய்க்கும் பயம் வந்தது.

இதற்கிடையில் ராதாபுரத்திலிருந்து எங்கள் சித்தி போன் செய்தார். அம்மாவின் தங்கை. உபவாசம் இருந்து ஜெபிக்கிறவர், தரிசனம் காண்கிறவர் என்று அந்தப் பக்கத்தில் பெயர் பெற்றவர். அவருக்குப் புத்தகத்தைத் திறக்கும் வேலையே இல்லை. ஆண்டவர் தன்னிடம் நேரடியாகப் பேசுகிறார் என்பார். "மகனே சாமு, ஜீவனுள்ள தேவன் எங்கிட்ட பேசிட்டாரு. ஒன்னத் தொட்டுட்டாரு. இனி ஊசியும் வேண்டாம், மிஷினும் வேண்டாம்" என்று அழுது ஜெபித்தார். சாவுக்குப் பயந்து கிடந்தவனுக்கு இதைவிட இனிப்பான வார்த்தை எது? எங்களிடம் சொல்லாமல் சாம் டயாலிசிஸுக்குப் போவதை நிறுத்திவிட்டான். உடம்பு சரியாக இருக்கிறது, டாக்டர் தேதியைத் தள்ளி வைத்திருக்கிறார் என்று ரூபியிடம் பொய் சொல்லியிருக்கிறான்.

குருத்தோலை ஞாயிறு. சபையார் ஓலையைப் பிடித்துக்கொண்டு ஓசன்னா பாடித் தெருவில் வந்துகொண்டிருந்தோம். சாம் வீட்டு வாசலுக்கு வந்தபோது ரூபி ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். உள்ளே சாம் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தான். நுரையீரலில் நீர் ஏறிவிட்டது. வாயில் நுரை. கண் வெளியே வந்துவிடும்போல இருந்தது. என் வீட்டுக்காரர்தான் ஓலையைக் கீழே போட்டுவிட்டு அவனைத் தோளில் தூக்கிக் காரில் ஏற்றினார். பாளையங்கோட்டை போகிறவரை அவன் தலை என் மடியில் இருந்தது. ஒவ்வொரு மூச்சும் கடைசி மூச்சு மாதிரி வந்தது.

டாக்டர் எங்களைத் திட்டினார். திட்டியது சரி. அவனைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால், "இன்னொரு தடவை இப்படி வந்தா எங்களால முடியாது" என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரி வாசலில் நான் உடைந்துபோனேன். ஒருவர் விரலில் கடவுளுடைய வார்த்தை இருக்கிறது. இன்னொருவர் வாயில் கடவுளுடைய வார்த்தை இருக்கிறது. புத்தகம்தான் தேவவார்த்தை என்று இவர். பேசுகிற ஆவிதான் தேவவார்த்தை என்று அவர். நடுவில் என் தம்பி மூச்சுக்குத் தவிக்கிறான். "ஆண்டவரே, இவங்க ரெண்டு பேரும் உம்ம பேரைச் சொல்லுதாங்க. நான் யாரை நம்ப? நீரே பேசும். புத்தகத்துல பேசினாலும் சரி, நேர்ல பேசினாலும் சரி. நீர்தான்னு எனக்குத் தெரியணும். அதுவரைக்கும் உம்மை விடமாட்டேன்" என்று கேட்டேன். திங்களும் கேட்டேன், செவ்வாயும் கேட்டேன். பதில் இல்லை. மிஷினை மிதித்துக்கொண்டே கேட்டேன். வந்த ஜாக்கெட் ஒன்றில் கையை மாற்றித் தைத்துவிட்டேன், அதுதான் மிச்சம்.

பெரிய வியாழன் சாயங்காலம் நற்கருணை ஆராதனை. வேண்டா வெறுப்பாகத்தான் போனேன். மற்றவர்களோடு போய்ப் பீடத்துக்கு முன் முழங்கால் போட்டேன். உள்ளங்கையை ஏந்தினேன். எங்கள் சபைக் குருவான ஐயர் வந்து அப்பத்தை என் கையில் வைத்தார். உனக்காகக் கொடுக்கப்பட்ட கிறிஸ்துவின் சரீரம் என்கிற அந்த வார்த்தையைச் சொன்னார். திடப்படுத்தல் பெற்று முதல்முதலாக நற்கருணை வாங்கிய நாள்முதல் கேட்கிற வார்த்தை. மனப்பாடம். எத்தனையோ வருடமாக அது காதில் விழுகிறது, நெஞ்சில் விழுந்ததில்லை.

அன்று விழுந்தது.

காதால் எந்தக் குரலையும் நான் கேட்கவில்லை. ஒளி எதுவும் தெரியவில்லை. பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லுகிறவர் என் முன்னால் இருந்தார். ஐயர் அடுத்த ஆளுக்குப் போய்விட்டார், அவர் போகவில்லை. அது புத்தகத்தில் எழுதியிருக்கிற அதே வார்த்தைதான், ஒரு எழுத்து கூடவில்லை, குறையவில்லை. அந்த எழுத்துக்குள்ளிருந்து அவரே என்னைப் பார்த்தார். கொடு என்று என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. தாம் கொடுத்ததைக் காட்டினார், அவ்வளவுதான். எனக்கு அது போதும். என் உள்ளங்கையில் இருந்தது வசனம் மட்டும் இல்லை, ஒரு உடல். வார்த்தையானவர் வார்த்தையாகவே இருந்துவிடவில்லையே! மாம்சமானார், பிட்கப்பட்டார், கைக்கு வந்தார். தேம்பித் தேம்பி அழுதேன். பக்கத்தில் இருந்த அக்கா என் முதுகைத் தடவிக்கொடுத்தார். எழுந்தபோது பயம் முழுவதும் போயிருந்தது என்று சொல்லமாட்டேன். சந்தேகம் முழுவதும் போயிருந்தது.

மறுநாள் பெரிய வெள்ளி. காலையில் என் வீட்டுக்காரர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டார். மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை நடக்கும் மும்மணி ஆராதனையில் அவருக்கு வாசிப்பு உண்டு. அவர் முன்னால் போய் நின்றேன்.

"ஏங்க, நான் சாமுக்குக் கிட்னி குடுக்கப் போறேன்."

"வசனம் வந்திருக்குல்லா? மறந்துட்டியா?"

"மறக்கல. ஆபிரகாம் மகன் கழுத்துல விழப்போன கத்திய நிறுத்தினாரு. சரி. இன்னைக்கு என்ன நாளு? சிலுவையில தம் மகனுக்கு அவரு நிறுத்தினாரா?"

அவர் வேதத்தை எடுக்கக் கை நீட்டினார்.

"நீங்க அவர்கிட்ட கேக்கல. புத்தகத்துகிட்டதான் கேட்டிய. விரலும் உங்களுது, பயமும் உங்களுது. இன்னைக்கு விரல் வைக்காதிய. அவர்கிட்டயே உள்ளதச் சொல்லுங்க. உங்களுக்கு என்ன பயம்னு சொல்லுங்க."

கதவைப் பிடித்துக்கொண்டார். "நீ செத்துப் போயிட்டேன்னா நான் என்னளா செய்வேன்?" என்றார். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் கண்ணில் தண்ணீர் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கும் அழுகை வந்துவிட்டது. இந்த மனிதர் என்னை இவ்வளவு நேசிக்கிறார் என்பதை ஆபிரகாமைக் கொண்டு மறைத்து வைத்திருந்திருக்கிறாரே!

மூன்று மணிக்கு மேல் திரும்பி வந்தார். வேட்டி முழங்காலில் அழுக்காக இருந்தது. "எல்லாரும் போன பொறவு பைய முழங்கால் போட்டுச் சொன்னேன். பயமா இருக்குன்னு சொன்னேன். அவர் ஒண்ணும் சொல்லல பியூலா. ஆனா நான் தனியா இல்லன்னு தெரிஞ்சுது. நீ குடு. நானும் கூட வாரேன்" என்றார். அதுவும் என் ஜெபத்துக்கு வந்த பதில்தான்.

சித்தியும் ராதாபுரத்திலிருந்து வந்தார். சாம் காலைப் பிடித்துக்கொண்டு, "நீ பொழைக்கணும்னு எனக்கு அம்புட்டு ஆசை மக்கா. என் ஆசையே அவர் குரல் மாதிரி கேட்டுட்டு" என்று கதறினார். அவரை நான் குறைவாக நினைக்கவில்லை. அவ்வளவு உண்மையை ஒத்துக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும்?

உறுப்பு கொடுக்க அனுமதி தரும் குழுவின் முன்னால் மதுரையில் நின்றோம். ஒரு அதிகாரி என் வீட்டுக்காரரிடம், "உங்களை யாராவது வற்புறுத்தினாங்களா?" என்று கேட்டார்.

"ஆமா சார், ஒருத்தர் வற்புறுத்தினார்" என்றார் இவர்.

எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அதிகாரி பேனாவை வைத்துவிட்டார். "யாரு?"

"இயேசு சாமி சார்."

அங்கே இருந்த எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அப்புறம் அவர் நிதானமாக, முழு சம்மதம் என்று சொன்னார். அனுமதி கிடைத்தது.

அறுவை முடிந்து கண் திறந்தபோது வலி இருந்தது. ஆண்டவர் வலியைக் கொஞ்சமும் தள்ளுபடி செய்யவில்லை. இருமினால் உயிர் போனது. சாம் வேறு அறையில், யாரும் போக முடியாத இடத்தில் இருந்தான். மறுநாள் நர்ஸ் போனைக் கொண்டுவந்து என் காதில் வைத்தார். அவன் குரல் கரகரத்தது.

"எக்கா... ஒண்ணுக்குப் போவுதுக்கா. பை நெறஞ்சுட்டு. மாத்தினாவ. மறுபடியும் நெறையுது."

"அல்லேலூயா" என்றேன். தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், அழுதேன், வலியில் கத்தினேன். உலகத்தில் இதற்காக அல்லேலூயா சொன்னவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று நினைத்தேன். இல்லையாம். அந்த ஆஸ்பத்திரியில் எல்லாரும் சொல்லுவார்களாம், நர்ஸ் சொன்னார்.

எங்கள் வீட்டில் இப்போது வேதம் முன்பைவிட அதிகமாகத் திறக்கிறது. என் வீட்டுக்காரர் முதலிலிருந்து வரிசையாக வாசிக்கிறார். கண்ணைத் திறந்துகொண்டு வாசிக்கிறார். நடுவில் நிறுத்தி, "ஆண்டவரே, நீர் என்ன சொல்லுதீர்?" என்று கேட்டுவிட்டு, பதில் வருகிறவரை காத்திருக்கிறார். சில நாள் பதில் வருவதில்லை. அதற்காக விரலைக் கூப்பிடுவதும் இல்லை.

பிரியமானவர்களே, வேதத்தைத் தள்ளிவிட்டுக் குரலைத் தேடுங்கள் என்று நான் சொல்லவில்லை. என் தம்பி மூச்சு நின்றுபோக இருந்தது அப்படி ஒரு குரலால்தான். புத்தகம் மட்டும் போதும் என்றும் சொல்லமாட்டேன். வாசித்தபின் நிமிர்ந்து, இதைச் சொன்னவர் எங்கே என்று பாருங்கள். அவர் உயிரோடிருக்கிறார். உங்கள் பயத்தை அவர் வாயில் போடாதீர்கள், உங்கள் ஆசையையும் போடாதீர்கள். உள்ளதை உள்ளபடி அவரிடம் சொல்லிவிட்டு, கையை ஏந்திக்கொண்டு நில்லுங்கள். அவர் வெறும் கையாக அனுப்பமாட்டார். சிலசமயம் வாங்குவதற்குக் கொடுப்பார், சிலசமயம் கொடுப்பதற்குக் கொடுப்பார்.

இனியும் யாராவது என்னிடம், கர்த்தருடைய வார்த்தை எழுத்தா, உயிரா என்று கேட்டால் நான் தர்க்கம் செய்யப்போவதில்லை. முக்கூடல் பேருந்து நிறுத்தத்தில் காலையில் வந்து நில்லுங்கள் என்பேன். சிரித்த முகமாக ஒருவன் ஹார்ன் அடித்துக்கொண்டு மினிபஸ்ஸில் வருவான். ஏறி உட்காருங்கள், அவன் மீதியைச் சொல்லுவான்.