படங்குக்குள் கிடந்த ஆவுளியா

கடலிலிருந்து வந்த ஒரு மிருகத்துக்கு மறைப்புக் கட்டிவிட்டு, ஊர் ஆம்பிளைகள் எல்லாரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற கதையைச் சொன்னால், என்னோடு உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் அந்த மறைப்புக்கு உள்ளே நின்றவள்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. சாய்ந்தமருதில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் கடல். மாமா வாலிபத்தில் மன்னாரில் தொழில் செய்துவிட்டு ஊர் திரும்பியவர். அவருக்குச் சொந்தமாகக் கரைவலை இருந்தது, தோணி இருந்தது. பொம்பிளை கால் வைத்த கரையில் மீன் படாது என்ற அசைக்க முடியாத கொள்கையும் இருந்தது.

மாமாவுக்கும் உம்மாவுக்கும் இளைய தங்கை சாச்சி, மாமாவைக் காக்கா என்பார். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தார். கடைசி வருட ஆய்வைக் கடல் உயிர்களில்தான் செய்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். அங்கேயும் மாமாக்கள் இருந்தார்கள் போலிருக்கிறது. வகுப்போடு கடலுக்குப் போன நாளில் ஆண்பிள்ளைகள் படகில் ஏற, பெண்பிள்ளைகள் கரையில் நின்று போத்தல் கழுவினார்களாம். சாச்சியின் நச்சரிப்புத் தாங்காமல் விரிவுரையாளர் கடைசியில் ஒரு வழி விட்டிருந்தார். விடுமுறை முடிந்து வரும்போது உங்கள் ஊர்க் கடலில் நீயே கையால் தொட்டு ஆராய்ந்த ஒன்றைக் கொண்டுவா. இல்லாவிட்டால் நெற்பூச்சிதான் உன் ஆய்வு. விடுமுறை முடியப்போகிற நேரம் அது. சாச்சி அதுவரை கடலை எங்கள் ஜன்னலால் மட்டுமே பார்த்திருந்தார்.

அன்று காலை வலையில் வந்தது மீன் இல்லை. மாடு மாதிரி ஒன்று, மூச்சடைத்துச் செத்துக் கிடந்தது. மாமா அந்த நேரம் கல்முனைச் சந்தையில். வலை இழுத்தவர்கள் அதன் செட்டைக்கு அடியில் முலைக்காம்பைக் கண்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் விலகினார்கள். பள்ளிவாசல் நிர்வாகி மரைக்காயரைக் கூட்டிவந்தார்கள். அவர் ஒரு தரம் பார்த்தார், மறுதரம் பார்க்கவில்லை. மீன் என்றால் மீன், இது பொம்பிளைக் கோலம், ஆம்பிளைகள் பார்ப்பது கூடாது, பொம்பிளைகளே பார்த்துப் புதைக்கட்டும் என்று தீர்ப்புச் சொன்னார். உடனே கம்பு நட்டுத் தார்ப்பாய்ப் படங்கு கட்டினார்கள், இடைவெளிக்குத் தென்னங்கிடுகு சாத்தினார்கள். எல்லாம் சரி, உள்ளே போக ஒரு பொம்பிளையும் சம்மதிக்கவில்லை.

சந்தையால் வந்த மாமா நிலைமையைக் கேட்டார். மரைக்காயரின் சொல்லைத் தாண்டி அவரும் எட்டிப் பார்க்கவில்லை. நேரே வீட்டுக்கு வந்து, கூரையைப் பார்த்தபடி உம்மாவிடம் சொன்னார்: "மிருகந்தானே படிக்கிறா. வரச் சொல்லு."

சாச்சி முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்ட வேகத்தை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. தையல் நாடாவை எடுத்துக்கொண்டு ஓடாத குறையாக நடந்தார். நானும் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. எங்கேயும் என்னைக் கூப்பிட வேண்டியதில்லை.

படங்குக்குள் நுழைந்தோம். இவ்வளவு பெரிய உடம்பில் இவ்வளவு சின்னக் கண். முகத்தில் மூக்கு எது, வாய் எது என்று தெரியாத ஒரு தடித்த உதடு. பயந்து நான் பின்வாங்க, சாச்சி அதன் பக்கத்தில் மண்டியிட்டு, கழுத்தைத் தடவி, "ஆவுளியா," என்றார், ஏதோ சொந்தக்காரர் வந்தமாதிரி. புத்தகத்தில் கடற்பசு என்று இருக்கும், கடற்புல் மேய்கிற உயிர், மீனுக்கு ஒரு உறவும் இல்லை, யானைக்குத்தான் தூரத்துச் சொந்தம் என்று சொல்லிக்கொண்டே முழங்கை வரைக்கும் அதன் வாய்க்குள் கையை விட்டார். அவர் மேலுதட்டைத் தூக்கினார். உள்ளே இரண்டு கொம்பு, கட்டை விரல் நீளத்துக்கு.

எங்கள் பக்கத்துப் பிள்ளைக்கு யானையைப் பற்றி யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

"சாச்சி, கொம்பு இரிக்கி. அப்ப இது கொம்பன்தானே? ஆம்புளதானே?"

மிருகத்தின் வாய்க்குள் இருந்த அதே கை, எச்சிலும் மணலுமாக வந்து என் வாயைப் பொத்தியது.

"ஓம், ஆம்புளதான்," என்றார் காதோடு. "அதுக்கும் காம்பு இரிக்கும். வெளிய இது தெரிஞ்சா படங்கு கழரும், நான் ஊட்டுக்குப் போகணும். கதைக்காத."

அந்த நேரம் பார்த்து வெளியே மாமாவின் குரல், இன்னும் முடியவில்லையா என்று.

"பொம்புள உசிரு காக்கா," என்றார் சாச்சி, குரலில் ஒரு நடுக்கமும் இல்லாமல். "அவசரப்படுத்தாதீங்க."

பொய் சொன்னதற்காக என் காதைத் திருகிச் சிவக்க வைத்தவர் இதே சாச்சி. பட்டப்பகலில், மரைக்காயர் நிற்கிற கரையில், சொந்தக் காக்காவுக்கு இப்படி ஒரு பொய். வானம் இடிந்து விழும் என்று நான் மேலே பார்த்தேன். வானம் விழவில்லை, காற்றுத்தான் வந்தது. படங்கின் ஒரு மூலை கயிற்றை அறுத்துக்கொண்டு எழுந்தது. அதைப் பிடிக்க மாமா திரும்பினார்.

சாச்சி அந்த உதட்டைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தார். மாமாவின் கண் நேரே கொம்புக்குப் போனது. பிறகு சாச்சிக்குப் போனது. சாச்சியின் முகத்தில் இரத்தமே இல்லை. முடிந்தது, நெற்பூச்சிதான் என்று நினைத்தேன்.

மாமா படங்கை இழுத்து இறக்கினார். கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டார். "ஒருத்தரும் கிட்ட வரப்படாது, பொம்புளயள் உள்ள நிக்கிறாங்க," என்று வெளியே அவர் அதட்டுவது கேட்டது.

பள்ளியில் பின்நேர அசர் தொழுகைக்கு வாங்கு சொல்லும்வரை சாச்சி அளந்தார், அறுத்தார், வயிற்றுக்குள் இருந்த கடற்புல்லைப் பிரித்துப் பார்த்தார். பயம் தெளிந்த இரண்டு பொம்பிளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து வால்பக்கம் தூக்கிக் கொடுத்தார்கள். மற்றதையெல்லாம் கரையிலேயே புதைத்தோம். மண்டையோட்டை மட்டும் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு சாச்சி பல்கலைக்கழகம் போனார். கடல் அவருக்குக் கிடைத்தது.

ஊரில் மாமா அதைப் பொம்பிளை ஆவுளியா என்றே சொல்லித் திரிந்தார். கேட்கக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த விடுமுறையில் சாச்சி வந்திருந்தபோது, மாமா எங்கள் வீட்டில் சோறு தின்றுகொண்டிருக்க, மெதுவாகக் கேட்டேன்.

"மாமா, யானையில கொம்பு ஆருக்கு இரிக்கும்?"

"கொம்பனுக்கு," என்றார், தலையை நிமிர்த்தாமல். கறி ஊற்றிக்கொண்டிருந்த சாச்சியின் அகப்பை அந்தரத்தில் நின்றது. மாமா இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.

காட்டு யானையைப் பற்றி இவ்வளவு தெளிவாகத் தெரிந்த மனிதர், கொம்பைக் கண்ணால் கண்டும், ஆயுள் முழுக்கக் கிடந்த கடலில் இப்படி ஏமாந்துபோனாரே என்று எனக்கு அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது. என் பங்கு மீன்பொரியலை எடுத்து மாமாவின் பீங்கானில் வைத்தேன்.