ஒரு இடம் விஷயமாக

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஆடி மாதத்தில் நான் முதன்முதலாக வேறு வேலை தேடிப் புறப்பட்டேன். ஆடி என்று மாதத்தைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அதனால் ஒரு சந்தேகம் கிளம்பி, கிளம்பிய வேகத்தில் தானே அடங்கிப்போனது.

அப்போது நான் பேகம்பூர்ப் பக்கம் ஒரு தோல் மண்டியில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். உப்புப் போட்ட ஆட்டுத்தோல் லாரியில் வந்து இறங்கும். தரம் பிரித்து வெளியூருக்கு ஏற்றி அனுப்புவார்கள். முதலாளியை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம். அவருக்கு அடுத்தபடி, குஜிலியம்பாறையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து கணக்கெழுதும் அண்ணன். பில் மேசையில் நான்.

வேலையில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் மாலை வகுப்புக்குப் போய்க் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதப் படித்திருந்தேன். மண்டிக்கும் ஒன்று வாங்கலாமே என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். “அதுக்கு ஏசி போடணுமாம்ல. தோலுக்கே நான் ஏசி போடலம்மா” என்றார் பாய். படித்தது மறந்துபோவதற்குள் கம்ப்யூட்டர் உள்ள ஓர் அலுவலகத்துக்குப் போய்விட வேண்டும் என்று அன்றுதான் முடிவு செய்தேன்.

தேடுவது பாய்க்குத் தெரியக் கூடாது. எனக்கு முன்னால் பில் போட்டவர் கரூரில் வேலை கேட்டுப் போயிருந்தார் என்ற செய்தி பாயின் காதுக்கு எட்டிய மறுநாள், அவருடைய நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இந்த வேலை கிடைத்ததே அப்படித்தான். அப்பா இடுப்பு வலியால் லாரி ஓட்டுவதை நிறுத்தியிருந்தார். தம்பி பாலிடெக்னிக்கில் இருந்தான். வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது என் சம்பளம் ஒன்றுதான். இன்னொரு வேலை கைக்கு வரும்வரை இந்த நாற்காலியை விட முடியாது.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்காக மத்தியானத்தோடு மண்டியை அடைத்துவிடுவோம். நேர்முகத்துக்குக் கூப்பிட்டவர்களில் ஒருவருக்குக்கூட வெள்ளி மத்தியானம் என்று எழுதத் தோன்றவில்லை. முதலில் கூப்பிட்டது பஸ் ஸ்டாண்டு அருகே இருந்த ஒரு பைனான்ஸ் கம்பெனி, கிழமை செவ்வாய். வாடகைக்கு வீடு பார்க்க வேண்டும் என்று லீவு கேட்பதாகத் திட்டம். பாய் முன்னால் நின்றதும் ‘வீடு’ என்ற சொல் மட்டும் வாயில் வரவில்லை.

“ஒரு இடம் விஷயமா... செவ்வாக்கெழம மத்தியானம் லீவு வேணும் பாய்.”

பாய் பேனாவைக் கீழே வைத்தார். “நல்ல இடமாம்மா?”

“நல்ல இடம்தான்னு சொல்றாங்க.”

“இன்ஷா அல்லா, நல்லபடியா முடியட்டும். மத்தியானம் என்ன, காலையிலேயே லீவு எடுத்துக்க.”

வீடு பார்க்கப் போவதற்கு இவ்வளவு கனிவா என்று யோசித்தபடி மேசைக்குத் திரும்பினேன். கணக்கு அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்.

“ஏன் தங்கச்சி, ஆடியிலயா பொண்ணு பாக்க வாராங்க?”

அப்போதுதான் விளங்கியது. வீட்டுக்கும் வேலைக்கும் கல்யாணத்துக்கும் நம்மிடம் இருப்பது ஒரே ‘இடம்’தான். அதற்குள் அவர் தமக்குத் தாமே பதில் சொல்லிக்கொண்டார். “சரி, இப்பப் பாத்து வெச்சாத்தானே ஆவணியில பேசி முடிக்கலாம்.”

மறுக்கவில்லை. அவர் திறந்துவிட்ட அந்த வழியாகவே நாலு மாதம் வெளியே போய் வந்தேன்.

பைனான்ஸ் கம்பெனியிலிருந்து திரும்பிய மறுநாள் காலை அண்ணன் காத்திருந்தார்.

“என்ன சொன்னாங்க?”

“போயி லெட்டர் போடுறோம்னாங்க.”

“அப்ப இல்லேன்னு அர்த்தம்” என்றார். அவர் சொன்னது சரியாகவே இருந்தது.

அடுத்தது கன்னிவாடியில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸ். அங்கே நடந்ததை அண்ணன் கேட்டபோது, வேறு ஏதோ நினைப்பில் உண்மை வாயில் வந்துவிட்டது.

“எல்லாம் பிடிச்சிருக்காம்ணே. முன் அனுபவம் இருந்தாத் தேவலைங்கறாங்க.”

அண்ணனுக்கு டீ புரையேறிவிட்டது. தலையைத் தட்டிக்கொண்டே, “என்ன அனுபவம்?” என்றார்.

“சமையல்லண்ணே.”

“அதானே. வெஞ்சனம் வைக்கத் தெரியுமாங்கறத இப்படியா கேப்பாங்க? அந்த இடமே வேணாம் தங்கச்சி.”

செய்தி பாய் வீட்டுக்கும் போனது. வீடு மண்டிக்குப் பின்புறம். பாயின் மனைவியை நாங்கள் பாயம்மா என்போம். அவர் ஒருநாள் என்னை உள்ளே கூப்பிட்டு விசாரித்தார். கன்னிவாடியில் ஒருத்தி மூஞ்சியைச் சுளித்ததைச் சொன்னதும், என் தோள்பக்கம் குனிந்து மோந்து பார்த்தார்.

“இதான் காரணம். தோல் வாசம். மண்டியில இருந்து அப்படியே போயி நின்னா எந்த மாமியாகாரி ஒத்துக்குவா? இனிமே இங்க குளிச்சிட்டுப் போ.”

உண்மையில் எனக்கும் அந்தக் கவலை இருந்தது. நேர்முக அறைகளில் மின்விசிறிக் காற்று என் பக்கமிருந்து அவர்கள் பக்கம் வீசாத இடமாகப் பார்த்து உட்காருவேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நேர்முகத்துக்கும் என் முதலாளி வீட்டிலேயே சந்தன சோப்புப் போட்டுக் குளித்து, பாயம்மா வாங்கி வைத்த மல்லிகையைச் சூடிக்கொண்டு போனேன். வேலை தேடுகிறவளை இவ்வளவு சிங்காரித்து அனுப்பிய முதலாளி வீடு வேறெங்காவது இருந்ததா என்று தெரியவில்லை. நூலகத்தில் எடுத்துப் படித்த எந்தத் தன்வரலாற்றிலும் கண்டதில்லை.

ஐப்பசியில், தீபாவளிக்கு முந்தின வாரம், வேடசந்தூர் ரோட்டில் இருந்த ஒரு நூல் மில்லுக்குப் போனேன். ஆபீஸ் முழுக்கக் கம்ப்யூட்டர். மேனேஜர் நாலே கேள்வி கேட்டார். கடைசியில், “இப்ப வேல பாக்குற இடத்துல ஒரு வார்த்த விசாரிச்சுக்குறோம்” என்றார். தலையாட்டினேன். வேண்டாம் என்று சொன்னால் எதையோ மறைக்கிறேன் என்று நினைப்பார்கள். சொல்லாவிட்டால் பாய்க்குத் தெரிந்துவிடும். திரும்பி வரும் பஸ்ஸில், எனக்கு முன்னால் பில் போட்டவர்தான் நினைவில் இருந்தார்.

மறுநாள் பதினொரு மணி வாக்கில் போன் அடித்தது. பாய் எடுத்தார்.

“ஆமா, நான்தான் பேசுறேன். ஆமா, எங்ககிட்டதான் இருக்கு. விசாரிக்கணுமா? தாராளமாக் கேளுங்க.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது.

“எங்க பொண்ணு மாதிரிங்க. ஒரு நாள் எதுத்துப் பேசினதில்ல. கை அம்புட்டு சுத்தம். குடும்பமும் நல்ல குடும்பம். கண்ண மூடிக்கிட்டு எடுத்துக்கங்க. சமையலும் நல்லா வரும். நீங்க கேக்கலீங்களா? பரவால்ல, நானாச் சொல்றேன்.”

நான் ஒரே பில்லில் ஒரே தொகையைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன்.

“ஷிப்ட்டா? அதெல்லாம் ஒத்துப்போகும். மாப்பிள்ளைக்கு எத்தன மணிக்கு ஷிப்ட்டு?” எதிர்முனை ஏதோ சொன்னது. “யாருக்கு?” என்றார் பாய். பிறகு, “எந்த மில்லுங்க?” என்றார்.

ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துப் பிடித்தபடி என்னையே பார்த்தார். நான் அந்தப் பில்லைக் கிழித்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். பிறகு அதைத் திரும்பக் காதில் வைத்துக்கொண்டார்.

“ஒண்ணுமில்லீங்க, லைன் சரியில்ல. சொன்னது சொன்னதுதான். நேரத்துக்கு வரும், நம்பி எடுத்துக்கங்க.”

போனை வைத்ததும் கணக்கு அண்ணன் ஆவலாகக் கேட்டார். “என்ன பாய், முடிஞ்சிருச்சா?”

“முடிஞ்சிருச்சு. வேடசந்தூர் ரோட்டு மில்லுக்குக் கட்டிக் குடுக்குறோம்.”

“மாப்பிள்ள மில்லுலயா இருக்காரு?”

“மில்லுதாய்யா மாப்பிள்ள.”

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். பாய் என் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல.”

“சொன்னா நாற்காலி போயிருமேன்னு பயந்துட்டேன் பாய்.”

“போயிருக்கும்” என்றார், ஒளிக்காமல். “ஆனா இம்புட்டு நேரமும் உன்னத் தங்கம், வைரம்னு நானே சொல்லிட்டு, நாளைக்கு வர வேணாம்னு அனுப்புனா கேக்குறவன் என்னயப் பாத்துத்தான் சிரிப்பான். அவங்க லெட்டர் வர்ற வரைக்கும் இரு.” எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார். “ஆனா ஒண்ணு. உள்ள இருக்கறவகிட்ட நீதான் போயிச் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்.”

பாயம்மா முறத்தோடு உட்கார்ந்திருந்தார். சொல்லி முடிக்கும்வரை ஒரு அரிசியும் அசையவில்லை.

“அப்ப அந்த பைனான்ஸ்காரரு?”

“அது கம்பெனி, பாயம்மா.”

“கன்னிவாடியில ஒருத்தி மூஞ்சியச் சுளிச்சான்னியே, அந்த மாமியா?”

“ஹெட்மிஸ்ட்ரஸ்.”

முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது. “நாலு மாசமா ஒவ்வொரு தொழுகையிலயும் உனக்காக துவா கேட்டேன் புள்ள” என்றார். முறத்தை என் பக்கம் தள்ளி, “கல்லப் பொறுக்கு” என்றார். பொறுக்கினேன்.

தீபாவளி கழிந்து மில்லிலிருந்து கடிதம் வந்தது. பாய் அதை வாங்கித் தாமே ஒருமுறை படித்தார். சம்பளம் எழுதியிருந்த வரியில் விரலை வைத்தார்.

“இதக் கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனேம்மா.”

“குடுத்திருக்க மாட்டீங்க பாய்” என்றார் கணக்கு அண்ணன், பேரேட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

பாய் கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தார். “மாட்டேன்தான்” என்றார்.