குட்டி விமானத்துக்கு நாலு ப்ளக்

கடையில் இருக்கிற பொருளை வாப்பா இல்லை என்று சொன்னதை நான் ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன். இல்லாத பொருளை இருக்கிறது என்று சொல்லி, ஆளை நாற்காலியில் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, பின்வாசல் வழியாகப் பக்கத்துக் கடைக்கு ஓடுவதுதான் அவருடைய வழக்கம். அமீரகத்தில், அல் ஐன் சனையா என்கிற தொழிற்பேட்டையில், பட்டறைகளுக்கு நடுவே கார் உதிரிபாகம் விற்கிற யாருக்கும் அதுதான் வழக்கம். அதனால் அன்று அவர் தலையை ஆட்டி, “மாஃபி அர்பாப், மாஃபி”, இல்லை முதலாளி, இல்லை என்றபோது, அவருக்கு ஞாபகமறதி வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

நான் அப்போது நாலாம் வகுப்பு. எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். வாப்பாவுக்குத் தமிழே வாசிக்க வராது; ஆங்கிலமும் அரபியும் கேட்கவே வேண்டாம். பெட்டியின் நிறம், பொருளின் கனம், மரையின் அளவு இவற்றை வைத்துக்கொண்டு பதினைந்து வருடம் கடை நடத்தினார். நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, வெள்ளிக்கிழமைகளில் ஸ்டூல் மேல் ஏறி நின்று ஒவ்வொரு தட்டிலும் இருக்கிற பெட்டிகளின் நம்பரை உரக்க வாசிப்பது என் டூட்டி ஆனது. வருகிறவர்களிடம் எல்லாம், “எங்க கிளார்க்கு” என்று என்னைக் காட்டுவார். அந்தப் பட்டத்தை நான் மிகவும் பெரிதாக எடுத்துக்கொண்டிருந்தேன். எந்தத் தட்டில் என்ன, எத்தனை என்பது தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

அன்று வந்தவர் எங்கள் கஃபீலின், அதாவது எங்கள் விசாவுக்கும் கடைக்கும் பொறுப்பான அரபியின், தம்பி. நாங்கள் எல்லோரும் அவரை அர்பாப் என்போம். ஊருக்கு வெளியே, மணல்மேடுகளுக்கு முன்னால் அவருக்குச் சொந்தமாக ஒரு கொட்டகையும், அதன் முன் இறுகிய தரையில் ஒரு ஓடுபாதையும் உண்டு. இரண்டு பேர் உட்காருகிற குட்டி விமானம் ஒன்றைப் பெட்டி பெட்டியாக வரவழைத்து, மூன்று வருடம் தானே பூட்டிச் சேர்த்திருந்தார். அதற்கு ஸ்பார்க் ப்ளக் வேண்டும், கார் ப்ளக் நாலு என்றார்.

விமானத்துக்கு எதற்குக் கார் ப்ளக் என்று வாப்பா கேட்டார். அர்பாப் எங்கள் ஆட்களிடம் பேசிப் பழகிய ஹிந்தியில் விளக்கினார். அந்த எஞ்சினில் நாலு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ப்ளக். ஒரு பக்கத்து நாலும் விமானத்துக்கென்றே செய்தவை. மறுபக்கத்தில் அவர் புது மாதிரி இக்னிஷன் பொருத்தி, ஓட்டையில் ஒரு வளையத்தை முறுக்கி, கார் ப்ளக் போடுகிற மாதிரி மாற்றியிருந்தார். வெளிநாட்டில் சின்ன விமானம் வைத்திருக்கிற நிறைய பேர் அப்படித்தான் செய்கிறார்களாம். விமான ப்ளக் ஆர்டர் போட்டால் வந்து சேர ஒரு மாதம். கார் ப்ளக் தெருவுக்குத் தெரு கிடைக்கும். சொல்லிவிட்டுப் பழைய ப்ளக் ஒன்றை மேசை மேல் வைத்தார். டாக்ஸிகளுக்குத் தினமும் நாங்கள் விற்கிற அதே ப்ளக்.

அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாப்பா “மாஃபி” என்றார்.

“இருக்கு வாப்பா!” என்றேன் நான். “மூணாவது தட்டு, இடது பக்கம். பன்னெண்டு பெட்டி!”

வாப்பா என்னைப் பார்த்த பார்வையில் ப்ளக் இல்லாமலே எஞ்சின் பற்றியிருக்கும். அர்பாப் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அது பழைய சரக்கு, வேறு நல்லது எடுத்து வைக்கிறேன், சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு வாருங்கள் என்று வாப்பா சமாளித்தார். போகும்போது அர்பாப் என் தலையைத் தட்டி, “உங்க கடை ப்ளக் பறந்தா, முதல் சவாரி உனக்குத்தான், கிளார்க்” என்றார். அதற்குப் பிறகு என் கால் தரையில் நிற்கவில்லை.

வாப்பா ஏன் பொய் சொன்னார் என்பதை இப்போது சொல்லிவிடலாம். கடையில் இரண்டு விதமான ப்ளக் இருந்தது. ஒன்று ஒரிஜினல், இன்னொன்று டூப்ளிகேட். பெட்டி, நிறம், நம்பர் எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான். உள்ளே இருக்கிற வெள்ளைப் பீங்கானும் கம்பியும் மட்டும் வேறு. அதிகச் சூடு தாங்காது. டாக்ஸியில் போட்டால் என்றாவது ரோட்டோரத்தில் நிற்கும், டிரைவர் வந்து திட்டுவார், அவ்வளவுதான். நடுவானத்தில் ரோட்டோரம் இல்லை. ஒரிஜினல் தீர்ந்துபோயிருந்தது; மூன்றாவது தட்டில் அன்று இருந்த பன்னிரண்டும் டூப்ளிகேட். இந்த விவரத்தை எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. சொன்னால் வருகிறவரிடம் எல்லாம் நானே விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பேன் என்று வாப்பாவுக்குத் தெரியும்.

அஸருக்குப் பாங்கு சொன்னதும் வாப்பா என்னை மேசையில் உட்கார வைத்துவிட்டுப் போனார். தொழுகை முடிந்தும் வரவில்லை. அர்பாப் வந்துவிட்டார். வண்டியை விட்டு இறங்காமலே, “வாப்பா எடுத்து வச்சாரா?” என்றார். இதற்கு ஒரு கிளார்க் என்ன செய்ய வேண்டும்? ஸ்டூலைப் போட்டேன், ஏறினேன், மூன்றாவது தட்டிலிருந்து நாலு பெட்டிகளை எடுத்து, நம்பரை இரண்டு முறை சரிபார்த்து, ஓடிப்போய்க் கொடுத்தேன். “நீயும் வாப்பாவோட கொட்டகைக்கு வந்துரு, யல்லா!” என்று கையை ஆட்டிவிட்டுப் போனார்.

வாப்பா வந்தபோது அவர் சட்டைப்பை புடைத்திருந்தது. அதற்குள் நாலு பெட்டி. எதிர்வரிசையில் இருக்கிற என் மாமாவின் கடையிலிருந்து வாங்கி வந்தவை. இது எவ்வளவு பெரிய காரியம் என்று சொல்ல வேண்டும். மாமா, என் உம்மாவின் தம்பி, முன்பு எங்கள் கடையிலேயே கூட்டாளியாக இருந்தவர். ‘அந்தச் சரக்கை’ விற்க மாட்டேன் என்று சண்டை போட்டுத் தனிக்கடை வைத்தார். அதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. பெருநாளுக்கு எங்கள் வீட்டில் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து, ஒரே சோற்றில் கைவைத்துச் சாப்பிடுவார்கள். உப்பு வேண்டுமென்றால் உம்மாவிடம்தான் கேட்பார்கள்.

“குடுத்துட்டேன் வாப்பா! நானே எடுத்துக் குடுத்துட்டேன்!” என்றேன்.

வாப்பாவின் முகம் அரைத்த தேங்காய் மாதிரி ஆகிவிட்டது. போன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. எஞ்சினுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளுக்கு எங்கே கேட்கும்? அடுத்த நிமிடம் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினார். எங்களிடம் வண்டி கிடையாது, மாமாவிடம் பிக்கப் இருந்தது.

“மச்சான், வண்டியை எடு.”

“என்ன மச்சான், ஒன்றரை வருசம் கழிச்சு வாயைத் தொறந்தீங்க, சாமான் கேட்டீங்க. இப்ப வண்டியுமா?”

“பையன் குடுத்துட்டான்டா.”

“எதை?”

“மூணாவது தட்டுல உள்ளதை.”

மாமா மேற்கொண்டு எதுவும் கேட்காமல் சாவியை எடுத்தார். கடையைக்கூடப் பூட்டவில்லை.

வழியெல்லாம் வாப்பா ஓதிக்கொண்டே வந்தார். நான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, விமானத்தில் ஜன்னல் ஓரம் கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கொட்டகைக்கு வெளியே விமானம் நின்றுகொண்டிருந்தது. எங்கள் பிக்கப்பைவிடக் கொஞ்சம்தான் பெரிது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அர்பாப் உள்ளே உட்கார்ந்து ஏதோ திருகிக்கொண்டிருந்தார். பிக்கப் நிற்பதற்குள் வாப்பா குதித்து, இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டு நேராக அதன் மூக்கைப் பார்த்து ஓடினார்.

“மச்சான்! விசிறி! முன்னாடி விசிறி சுத்துது மச்சான்!” என்று மாமா அலறினார்.

அர்பாப் பார்த்துவிட்டார். எஞ்சின் நின்றது. இறங்கி வந்து, “க்யா முஷ்கிலா?”, என்ன பிரச்சினை என்றார்.

வாப்பா மூச்சு வாங்கினார். ஒருமுறை மாமாவைப் பார்த்தார், ஒருமுறை மணலைப் பார்த்தார். பிறகு என் தோளில் கையை வைத்து, “சின்னப் பையன் அர்பாப். நம்பரைத் தப்பா வாசிச்சுட்டான். அது டாக்ஸிக்கு. இதுதான் உங்களுக்கு” என்று பையிலிருந்த நாலையும் நீட்டினார்.

எனக்கு உச்சந்தலை கொதித்தது. தப்பாக வாசித்தேனா? நானா?

“பொய்! நான் சரியாத்தான் வாசிச்சேன்!” என்று கத்தினேன். ஓடிப்போய், பிரித்துப் போட்டிருந்த காலிப் பெட்டி ஒன்றை எடுத்து வந்தேன். வாப்பா கையிலிருந்த பெட்டி ஒன்றையும் பிடுங்கினேன். இரண்டையும் அர்பாப் கையில் வைத்து, “நீங்களே பாருங்க. ஒரே நம்பர்!” என்றேன்.

மாமாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

அர்பாப் பார்த்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வெயிலுக்குத் திருப்பி, நிதானமாகப் பார்த்தார். பிறகு வாப்பாவைப் பார்த்தார். வாப்பா கண்ணைத் தாழ்த்தவில்லை. ஆனால் காது இரண்டும் சிவந்திருந்தன.

“வல்லாஹ், நம்பர் வேறதான்” என்றார் அர்பாப். “தப்பா வாசிச்சுட்டே, கிளார்க்.” காலிப் பெட்டியைக் கசக்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இங்கிலீஷில் பட்டம் வாங்கிய மனிதர்! நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

பிறகு வேலை நடந்தது. என்னுடைய நாலையும் கழற்றினார்கள். மாமாவின் நாலில் ஒவ்வொன்றையும் வாப்பா நகத்தால் சுண்டிப் பார்த்து, விரலாலேயே மரை பிடிக்க வைத்த பிறகுதான் ஸ்பானரைத் தொடவிட்டார். அர்பாப் ஏறி எஞ்சினை ஓட்டினார். நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது சத்தம் சட்டென்று கொஞ்சம் இறங்கியது.

“யா அல்லாஹ்!” என்று வாப்பா நெஞ்சில் கைவைத்தார்.

அர்பாப் தலையை வெளியே நீட்டி, பயப்படாதே, அந்தப் பக்கத்து விமான ப்ளக் நாலையும் நான்தான் அணைத்தேன், பறக்கும் முன் ஒவ்வொரு தடவையும் இப்படிச் சோதிப்பேன் என்று கத்தினார். “இப்ப உங்க கடை ப்ளக் மட்டும் ஓடுது. ஜேன், நல்லா இருக்கு! ரொம்ப ஜேன்!”

“எங்க கடை ப்ளக்” என்று மாமா முணுமுணுத்தார். வாப்பா அவர் காலை மிதித்தார்.

என் சவாரி நேரம் வந்தது என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். அர்பாப்பும் என்னைத்தான் கூப்பிட்டார். வாப்பா குறுக்கே வந்தார். முதலில் நான் போகிறேன் என்றார். ஊருக்குப் போகிற ஒவ்வொரு முறையும் விமானம் இறங்குகிற வரை போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்கிற மனிதர். மாமா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். “என் ப்ளக் போறப்ப நான் போறேன்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினார். எதற்குச் செருப்பைக் கழற்றினார் என்று அவருக்கே தெரியாது.

பத்து நிமிடம் சுற்றிவிட்டு இறங்கினார்கள்.

“என்ன மச்சான் பார்த்தீங்க, மேல?”

“கண்ணைத் தொறந்தாத்தானே பார்க்க” என்றார் வாப்பா.

மாமா மணலில் உட்கார்ந்து சிரித்தார். வாப்பாவும் சிரித்தார். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அவர்கள் சேர்ந்து சிரித்ததை நான் பார்த்தேன். பார்த்து எனக்கு இன்னும் கோபம் வந்தது. அதற்குள் வெளிச்சம் மங்கிவிட்டது, அந்த ஓடுபாதையில் விளக்கு கிடையாது. இன்றைக்குக் கலாஸ், முடிந்தது, உன் முறை அடுத்த வெள்ளிக்கிழமை என்று அர்பாப் சொல்லிவிட்டார். சொன்னபடி கூட்டிக்கொண்டும் போனார். ஆனால் அன்றைக்கு என் கணக்கில் நான் சவாரியையும் இழந்தவன், படிப்பையும் இழந்தவன்.

திரும்பும்போது நடுவில் உட்கார்ந்து ரோட்டையே முறைத்துக்கொண்டு வந்தேன். ஒரு பச்சை போர்டு வந்தது.

“தம்பி, அதுல என்ன போட்டிருக்கு?” என்றார் வாப்பா.

நான் கையைக் கட்டிக்கொண்டேன். அடுத்த போர்டு வந்தது.

“இதுல?”

“அல் ஐன், பதினெட்டு...” என்று மாமா ஆரம்பித்தார்.

“நீ வாயை மூடு மச்சான். நான் என் மகன்கிட்ட கேக்குறேன்.”

“எனக்குத்தான் வாசிக்கத் தெரியாதே” என்றேன்.

வாப்பா முன்னால் தெரிந்த ரவுண்டானாவைக் காட்டினார். “சரி, நேராப் போகணுமா, திரும்பணுமா, அதையாவது பார்த்துச் சொல்லு வாப்பா. இல்லாட்டி உன் மாமன் நம்மளைத் துபாய்ல கொண்டுபோய் விட்டுருவான்.”

அந்த ரோட்டில் அவர் எத்தனையோ வருடம் போய் வந்திருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு ரவுண்டானாவையும் சொல்வார். அவர் எனக்கு எதைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை. எழுத்துத் தெரியாத மனிதர், பாவம், நான் சொல்லாவிட்டால் இன்று வீடு போய்ச் சேர முடியாது என்றுதான் நினைத்தேன். கடைசி போர்டு வரைக்கும் ஒவ்வொன்றையும் மனதுக்குள் சரியாக வாசித்துக்கொண்டு, வாயை மட்டும் திறக்காமல், பெரிய பழி வாங்கிவிட்ட திருப்தியோடு உட்கார்ந்திருந்தேன்.