குடிக்காத கந்தசாமி அண்ணன்

போன செவ்வாய்க்கிழமை காலை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கந்தசாமி அண்ணனின் மைத்துனர் போன் செய்தார். அண்ணன் போய்விட்டார். செய்தியைச் சொன்னதும் பக்கத்தில் நின்றவர் கேட்டார்: "கடைசி வரைக்கும் அவரு குடிய உடலீங்களா?"

அண்ணன் குடித்ததே இல்லை என்றேன். கேட்டவர் நம்பவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் எங்கள் இரும்பு ஆலையில் வேலை பார்த்த எல்லோருக்கும் அண்ணனைத் தெரியும். பாதுகாப்பு மேற்பார்வையாளர். கொல்லங்கோட்டிலிருந்து பஸ்ஸில் வருவார். ஒடிசலான உடம்பு. போதையில் வந்த யாரையும் உலைப்பக்கம் விடமாட்டார். "ஊதுங்க" என்பார். வாடை அடித்தால், "ஊட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வாங்க. கை போச்சுன்னா நானா ஒட்டித் தர முடியும்?" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் அவர்மேல் கோபம் உள்ளவர்கள் நிறையப் பேர்.

இரண்டு வருடம் முன்பு ஸ்கேனில் அவருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்து, ஈரல் இறுகத் தொடங்கியிருப்பது தெரிந்தது. கேன்டீன் முழுக்க ஒரே சிரிப்பு. தொப்பைகூட இல்லாத மனிதருக்குக் கொழுப்பு எங்கிருந்து வரும்? குடியாகத்தான் இருக்க வேண்டும் என்று நானும் முடிவு கட்டினேன்.

அவருடைய மனைவி சரசு அக்காவும் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நானும் தெனமும் மோந்து பாக்கறனுங்க, ஒண்ணும் தெரியல. மில்லுல யாராச்சும் ஊத்திக் குடுக்கறாங்களா? கொஞ்சம் பாருங்க."

பார்த்தேன். அவர் இல்லாதபோது அவருடைய அலமாரியைத் திறந்தேன். ஒரு துண்டு, சர்க்கரை மாத்திரை, தண்ணீர் பாட்டில். பாட்டிலை மோந்தேன். வெறும் தண்ணீர். மறைப்பதில் ஆள் கெட்டிக்காரர் என்றுதான் தோன்றியது.

ஒரு சனிக்கிழமை மதியம் பாலக்காட்டில் அவர் கொல்லங்கோடு பஸ்ஸில் ஏறாமல் ஒரு சந்துக்குள் நடந்தார். பின்னாலேயே போனேன். சந்தில் ஒரு கள்ளுக்கடை இருந்தது. அகப்பட்டார் என்று நினைத்தேன். அவர் அதைத் தாண்டி, ரத்தப் பரிசோதனை செய்யும் லேபுக்குள் போனார். நான் வாசலோரம் நின்றேன்.

"குடிக்கலீன்னு எழுதித் தர்ற மாதிரி டெஸ்ட் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று அங்கிருந்த பெண்ணிடம் கேட்டார்.

"அப்படியொண்ணு இங்க இல்ல சேட்டா. டாக்டரைக் கண்டு கேளுங்க."

நான் சத்தமில்லாமல் திரும்பிவிட்டேன். அப்போதும் சந்தேகம் முழுசாகப் போகவில்லை.

சில மாதம் கழித்து ஒரு காலை அவர் தள்ளாடி வந்தார். கை நடுங்கியது, பேச்சு குழறியது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் நேராக என்னிடம் வந்து வாயைத் திறந்தார். "நீயே மோந்து பாரு."

மோந்து பார்த்தேன். அத்தனை பேர் முன்னால் அவரை மோந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை.

அன்று சாயங்காலம் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் சரசு அக்காவிடமும் என்னிடமும் சொன்னார்: "ஈரல் கெட்டுப்போனா மூளையும் குழம்பும். பாத்தா குடிச்ச மாதிரிதான் இருக்கும். இவருக்குச் சர்க்கரை இருக்கு, வம்சத்துலயும் இருக்கு. ஒல்லியா இருக்கறவங்களுக்கும் உள்ளுக்குள்ள கொழுப்பு சேரும். இதுல குடிக்கு வேலையே இல்லை." சரசு அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். "தெனமும் மோந்தனே" என்று அழுதார்.

அண்ணனுக்குத் தெளிவு வந்த நாளில் அலமாரியைத் திறந்தது, பின்தொடர்ந்தது எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை.

"லேபு வாசல்ல உன்னப் பாத்தேன். உள்ள வருவீன்னு நெனச்சேன்" என்றார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வார்த்தைதான்.