பச்சைச் சுவரின் மூன்றாவது படம்

சென்ற மாதம் கோவையிலிருந்து சென்னைக்குப் போயிருந்தபோது, ராயப்பேட்டைச் சந்து ஒன்றில் ஒரு பழைய மாடி வீட்டைப் பார்த்தேன். அதன் பச்சைச் சுவர் வெயிலுக்கேற்ப நிறம் மாறுவதைப் படமெடுக்க ஆசைப்பட்டேன். காலை ஏழு பத்துக்கு ஒரு படம், பகல் பன்னிரண்டுக்கு ஒரு படம். எத்தனை அடி தள்ளி நின்றேன் என்பதைக் காலடியால் அளந்து, வழக்கம்போல நோட்டில் குறித்துக்கொண்டேன். மாலை வெளிச்சம் எப்படி விழுமோ என்று அதுவரை இருப்புக்கொள்ளவில்லை.

ஐந்தே முக்காலுக்கு மறுபடி போய்க் கேமராவைத் தூக்கினேன். கீழ்வீட்டில் துணி தைக்கும் அம்மா வாசலுக்கு வந்தார்.

"காலைல இருந்து மூணு வாட்டி வந்துட்டீங்க. அளந்து அளந்து எழுதிக்கினே கீறீங்க. எப்போ காலி பண்ணணும்னு சொல்லிடுங்க சார்."

எனக்குப் புரியவில்லை.

"ஓனரு இடிச்சுட்டு பிளாட் கட்டப்போறாராமே. நீங்க பில்டர் ஆளுதானே?"

"இல்லீங்கம்மா, நான் ஊர் பார்க்க வந்தவன். சுவரோட நிறத்துக்காகத்தான் எடுத்தேன்."

"இந்தச் செவுத்துல இன்னா கீதுன்னு எடுக்கிற?"

அவருக்குப் பின்னால் பாத்திரங்கள் சாக்குகளில் கட்டிக் கிடந்தன. மதியமே தையலை நிறுத்திவிட்டு, மேற்கு மாம்பலம் வரை வீடு தேடி அலைந்தாராம்.

நோட்டையும் படங்களையும் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"சரி, நீ இல்ல. இன்னொருத்தன் வருவான்," என்றவர், சோறு வடிக்கும் பானைக்காக ஒரு சாக்கை மட்டும் அவிழ்த்தார். மற்றவை கட்டியபடியே இருந்தன.

மாலைப் படத்தை நான் எடுக்கவில்லை. நாள் முழுக்க அந்த வீட்டையே பார்த்தும், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.