வருத்தம் தெரிவிக்கக் கூடாது

யாரம் என்ற எங்கள் ஊரில் சர்ச்சுக்குப் போகாதவர்களுக்குக் கல்யாணம் நடத்தி வைப்பவர் க்ளெனிஸ் பாஸ்கோ. என் பெற்றோருக்கும் அவர்தான். கடற்கரையோ மாட்டுப் பண்ணையோ, பழைய வேனில் தன் ஒலிபெருக்கியோடு வந்து இறங்குவார். மணமக்கள் அழுதால் அவரும் அழுவார். அப்படிப்பட்டவரின் வாயைக் கட்டினார்களே என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன கோடையில் என் அத்தை லோர்னாவின் மகள் கல்யாணம். அத்தை போட்டோ எடுக்கிற மும்முரத்தில் பின்பக்கமாகவே நகர்ந்து, ஒலிபெருக்கியின் ஒயரில் கால் சிக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. அவருடைய பண்ணையில் பால் கறக்க ஆள் வைக்க வேண்டியதாயிற்று.

க்ளெனிஸ் இன்சூரன்ஸ் எடுத்திருந்தார். இப்படி யாராவது விழுந்தால் நஷ்டஈடு கொடுக்கத்தான் அது. ஆனால் கம்பெனிக்காரர்கள் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: அடிபட்டவரைப் போய்ப் பார்க்கக் கூடாது, வருத்தம் தெரிவிக்கக் கூடாது. தெரிவித்தால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும். அப்புறம் கம்பெனி பணம் தராது, வீட்டை விற்றுத்தான் நஷ்டஈடு கட்ட வேண்டியிருக்கும்.

எங்கள் ஊரில் எலும்பு முறிந்த வீட்டுக்கு அன்று மாலையே சாப்பாடு வந்துவிடும். எல்லோரும் கொண்டுவந்தார்கள், க்ளெனிஸைத் தவிர. "கூலி குடுத்தாத்தான் அவளுக்குக் கண்ணீர் வரும் போல" என்று கிளப்பில் பேசிக்கொண்டார்கள். காரணம் யாருக்கும் தெரியாது. அதைக்கூட அவர் வெளியே சொல்லக் கூடாதாம்.

அத்தைக்கும் வாய்ப்பூட்டு இருந்தது. புது மருமகன் டேரன் நஷ்டஈடு கேட்க வக்கீல் வைத்துவிட்டான். என் கவனக் குறைவால்தான் விழுந்தேன் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்பது வக்கீலின் உத்தரவு. முப்பது வருட சிநேகிதிகள் இருவரும் கடையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதை நானே பார்த்தேன். இதற்குப் பெயர் பாதுகாப்பாம்!

ஒரு மழை நாளில் க்ளெனிஸ் லசான்யா சாப்பாட்டுத் தட்டோடு வாசலில் வந்து நின்றார். கொசுவலைக் கதவு சாத்தியிருந்தது. அத்தை உள்ளே, அவர் வெளியே. நான் அத்தையின் பக்கத்தில் நின்றேன். டேரன் கூடத்திலிருந்து, "கதவத் திறக்காதீங்க அத்தை" என்றான்.

க்ளெனிஸ்தான் முதலில் பேசினார். "வீடு போனாப் போகட்டும் லோர்னா. எனக்கு ரொம்ப வருத்தமா இருக்குடி."

"நீ எதுக்கு வருத்தப்படுற? கண்ணு தெரியாத எருமை மாதிரி பின்பக்கமா நடந்தவ நான்."

டேரன் தலையில் கை வைத்துக்கொண்டான். அத்தை நல்ல கையால் கதவைத் திறந்தார்.

"உள்ள வா. டீ நீதான் போடணும், எனக்கு ஒரு கைதான்."

வக்கீல் கடும் கோபத்தில் இருக்கிறாராம். கம்பெனியும்தான். இருக்கட்டும்.