குறுக்கு வழிப் புதர்

அவள் தையல் மெஷின் பழுதுபார்ப்பவள். ஒரு நாள் இரவு வேலை முடிந்து கிளம்பிய அவளுடைய தம்பி, வீடு வந்து சேரவே இல்லை. அவன் வழக்கமாக வரும் குறுக்கு வழி, மூடிக் கிடந்த மில்லுக்குப் பின்னால் இருந்த புதர்க்காடு. போலீஸ்காரர்கள் அதன் ஓரத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கைகழுவிவிட்டார்கள். இரண்டு வருடத்தில் புதர் ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது.

பழைய இரும்புக் கடையில், தள்ளிக்கொண்டே நடந்து புதர் வெட்டும் இயந்திரம் ஒன்று துருவேறிக் கிடந்தது.

"இது ஓடாதும்மா, எடைக்குத்தான் வச்சிருக்கேன்" என்றார் கடைக்காரர்.

"ஓட வைக்கிறது என் பாடு."

கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினாள். பெல்ட்டை மாற்றினாள், பிளேடைச் சாணை பிடித்தாள். பத்தாம் நாள் கயிற்றை இழுத்ததும் எஞ்சின் புகை கக்கிக்கொண்டு உறுமியது.

மூன்று நாள் வெட்டினாள். முள் கிழித்துக் கையெல்லாம் ரத்தம்.

"போதும், வா. எங்கேயாவது உசுரோட இருப்பான்" என்று கணவன் கெஞ்சினான்.

"இருந்தா ஒரு போன் பண்ணியிருக்க மாட்டானா?"

நான்காம் நாள் பிளேடு எதிலோ மோதி நின்றது. தம்பியின் சைக்கிள். இரண்டடி தள்ளி, சுற்றுச்சுவர் இல்லாத பாழுங்கிணறு.

அன்று சாயங்காலம் எலும்புகளைத்தான் மேலே எடுத்தார்கள். அடக்கம் முடிந்த மறுநாளே இயந்திரத்தோடு திரும்பப் போய், கிணறு தூரத்திலிருந்தே தெரியும்படி மிச்சப் புதரையும் வெட்டினாள். கணவன் தடுக்கவில்லை.